நல்லுறவுத் தீர்மானம்

ஐக்கியக் குழு கூடியது என்றால் மூன்று ஜெபம். முதலில் மிஷன் சபை ஐயர் ஒன்று, அப்புறம் மாதா கோயில் சாமியார் ஒன்று, கடைசியில் ஜெபவீட்டு பாஸ்டர் ஒன்று. ஒருவருடைய ஜெபத்துக்கு இன்னொருவர் ஆமென் சொல்லிவிட்டால் நாளைக்கு அவரவர் சபையில் கேள்வி வருமே என்று, தனித்தனியாக ஜெபித்துத் தனித்தனியாக ஆமென் சொல்லிக்கொள்வார்கள். குழுவின் செயலாளரான எப்சிபா டீச்சர் மட்டும் மூன்றுக்கும் ஆமென் சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே அவளுக்கு ஆறிப்போன காபி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

இத்தனைக்கும் திருவண்ணாமலை சண்டையும் சமாதானமும் தெரியாத ஊரில்லை. பொங்கல் முடிந்த கையோடு சாமியும் அம்மனும் நடுத்தெருவில் ஊடிக்கொண்டு, சாமி கோபித்துக்கொண்டு தனியாக மலையைச் சுற்றிவிட்டு வந்து, மறுநாளே சமாதானமாகிவிடுகிற ஊர். அதற்கென்று ஒரு தெருவே இருக்கிறது. அந்தத் தெரு வழியாகத்தான் டீச்சர் பள்ளிக்கூடம் போய்வருவாள். நம்முடைய ஆட்கள் ஊட ஆரம்பித்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் தெருமுனைக்கே வந்து சேரவில்லை என்று போகிறபோதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

எழுபதுகளின் நடுவில் ஐக்கியக் காற்று மேலேயிருந்துதான் அடித்தது. பெரிய இடங்களில் ஆயரும் பேராயரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டதால் கீழேயும் ஒரு குழு வேண்டியதாயிற்று. மிஷன் சபையில் தியோடர் ஐயர். மெத்தென்று பேசுவார், அவர் மறுத்துப் பேசியதே கேட்டவனுக்கு வீட்டுக்குப் போனபிறகுதான் புரியும். மாதா கோயிலில் ஃபாதர் அருள்ராயன். சிரித்த முகம், அந்தச் சிரிப்பைக் கழற்றி வைக்க இடமில்லாதவர் மாதிரி எந்நேரமும் போட்டுக்கொண்டிருப்பார். பாஸ்டர் ஏசடியான் முதல் வருஷம் பூராவும் இந்தக் குழுவைத் திட்டித்தான் பிரசங்கம் பண்ணினார். பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு ஐக்கிய விழா எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வந்து சேர்ந்துகொண்டார். மைக் இருக்கிற இடத்தை அவர் விட்டதில்லை.

எப்சிபா டீச்சர் குழுவில் சேர்ந்ததற்குக் காரணம் ஆயரும் இல்லை, பேராயரும் இல்லை. அவளுடைய தங்கை பியூலா.

அப்பா மிஷன் சபையில் உபதேசியார். வேதத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பெயர்களை எடுத்து இரண்டு பெண்களுக்கும் வைத்தார். எப்சிபா கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, பள்ளிக்கூடத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். பியூலா கீழ்பென்னாத்தூருக்குத் தையல் டீச்சராகப் போய்வந்தாள். போய்வந்த பஸ்ஸின் கண்டக்டர் ஸ்தனிஸ்லாசையே கட்டிக்கொண்டாள். ஸ்தனிஸ்லாஸ் கத்தோலிக்கன். கல்யாணம் மாதா கோயிலில் நடந்த மறு ஞாயிறே மிஷன் சபை அவள் பெயரை அடித்துவிட்டது. மாதா கோயிலோ பழைய ஞானஸ்நானம் பிடித்ததோ பிடிக்கவில்லையோ, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் தண்ணீர் ஊற்றி, பியூலா என்று ஒரு புனிதை கிடையாது என்று சொல்லி, பவுலின் மேரி ஆக்கியது. குழந்தை பிறக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸ் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். வெறித்துப்போய் உட்கார்ந்திருந்தவளை ஜெபவீட்டுப் பெண்கள் கூட்டிப்போனார்கள். தலையில் தெளித்தது, ஊற்றினது எதுவும் செல்லாது என்று பாஸ்டர் ஏசடியான் அவளை வேங்கிக்கால் ஏரியில் இறக்கி முழுக்காட்டி எடுத்தார்.

பியூலா இதற்கெல்லாம் அழுகிற ஜாதியில்லை. ஏரியிலிருந்து ஈரப்புடவையோடு அக்கா வீட்டுக்கு வந்தவள், "மூணு தரம் அலசியாச்சுக்கா. இனிமே சாயம் போறதுக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷியைத் துணி மாதிரி ஆளுக்கொரு தரம் முக்கியெடுத்திருக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது.

அந்த எரிச்சலில்தான் அவள் குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். ஒரு சபையின் ஆளுக்கு இன்னொரு சபை ஞானஸ்நானமோ கல்யாணமோ அடக்கமோ செய்வதானால், முதலில் அந்த ஆளின் சபைப் போதகர் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம் வேண்டும். அடுத்த சபை ஆளை இழுத்துக்கொள்வதை ஆடு திருடுவது என்று போதகர்களே ஒருவரையொருவர் முதுகுக்குப் பின்னால் ஏசிக்கொண்டிருந்த காலம் அது. தீர்மானத்தைக் கேட்டதும் மூன்று பேருக்கும் முகம் மலர்ந்தது. ஃபாதர் அதற்கு நல்லுறவுத் தீர்மானம் என்று பெயர் வைத்தார். ஐயர், டீச்சரின் ஞானத்துக்காகத் தேவனை ஸ்தோத்திரித்தார். இனிமேல் ஒருத்தியையும் ஒருத்தரும் முக்கியெடுக்க முடியாது என்று டீச்சர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

அதற்கு அடுத்த வருஷம் பியூலாவுக்கு வயிற்றில் கட்டி என்று வேலூரில் சொன்னார்கள். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று பாஸ்டர் சொன்னார். பியூலா மருந்து சாப்பிட்டாள். அதோடு ஜெபவீட்டுக்காரர்கள் வருவது கம்மியாகி, அப்புறம் நின்றே போயிற்று. மாதா கோயிலிலிருந்து கன்னியாஸ்திரிகள் வந்து பார்த்தார்கள். அவர்கள் சொல்லி ஃபாதரும் ஒரு நாள் வந்து நோயாளிக்கான ஜெபம் சொல்லி எண்ணெய் பூசிவிட்டுப் போனார். தியோடர் ஐயர், டீச்சரின் தங்கை என்கிற முறையில், ஆரஞ்சுப்பழத்தோடு வந்துபோனார்.

பியூலா குடியிருந்தது டிரங்குப்பெட்டிக் கடை சாந்த் பாஷா வீட்டின் பின்கட்டு அறையில். பள்ளிக்கூடத்து வீட்டுக்கு வந்துவிடு என்று டீச்சர் எத்தனையோ தரம் கூப்பிட்டும், பேரை அடிச்ச காம்பவுண்டுக்குள்ள நான் வரமாட்டேன் என்று அவள் வரவில்லை. சாந்த் பாஷாவின் மனைவி மெஹ்ருன்னிசாதான் கஞ்சி கொடுப்பதும் துணி மாற்றுவதும். பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் நேரே அங்கே போய்விடுவாள். தை பிறந்தபிறகு ஒரு சாயங்காலம் பியூலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை அம்மா பக்கத்துல வச்சிடுக்கா. யாராவது ஒருத்தர் வந்து ஒரு ஜெபம் பண்ணட்டும். யாரா இருந்தாலும் பரவால்ல. நா யாரையும் கொற சொல்லமாட்டேன்."

அம்மாவின் கல்லறை மிஷன் சபைக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடமும் இருந்தது. டீச்சர் சரி என்றாள். மூன்று போதகர்களும் தன்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள், வாய்விட்டுக் கேட்டால் ஒருத்தராவது மறுப்பார்களா என்று அவள் அதைப் பற்றி இரண்டாம் யோசனையே பண்ணவில்லை.

பியூலா செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம். அன்றைக்குத்தான் ஐக்கிய விழா.

மெஹ்ருன்னிசாவும் டீச்சரும் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். பியூலா தானே தைத்து வைத்திருந்த வெள்ளை ரவிக்கையைப் போட்டார்கள். உடம்பு வற்றிப்போயிருந்ததால் அது தொளதொளவென்று நின்றது. சாந்த் பாஷா தச்சனைக் கூப்பிட்டுப் பெட்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார். எங்க, எப்போ என்று கேட்டார். கோயில் முடிகிற நேரம்தான், ஐயரைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று டீச்சர் கிளம்பினாள்.

தியோடர் ஐயர் ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. டீச்சரை உட்காரச் சொல்லித் தண்ணீர் வரவழைத்தார். உங்கள் தாயார் எவ்வளவு பக்தியுள்ளவர் என்றார். தோட்டத்துக் காவல்காரனுக்குக் குழி வெட்ட ஒரு சீட்டு எழுதிக்கொடுங்கள் என்று டீச்சர் கேட்டாள்.

"என் மனசு கேக்குமா டீச்சர்? ஆனா அவங்க நம்ம ஃபாதரோட சபை ஆளாச்சே. அவரைக் கேக்காம நான் கை வச்சா அது நல்லாயிருக்குமா? நாமளே எழுதி வச்ச தீர்மானம். நீங்களே கொண்டாந்தது. ஃபாதர்கிட்ட ஒரு வரி வாங்கிட்டு வந்துடுங்க, நானே முன்ன நின்னு அடக்கம் பண்றேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. அதுதான் டீச்சருக்கு முதல் தரம் என்னவோ போலிருந்தது. அழுக்குத் தண்ணீரில் காலை வைத்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம். ஆனாலும் ஒரு வரிதானே என்று மாதா கோயிலுக்கு நடந்தாள்.

ஃபாதர் அருள்ராயன் விழாவில் பாடப்போகிற கூட்டுப் பாடகர் குழுவோடு இருந்தார். மூன்று சபைப் பாடகர்களையும் சேர்த்து மார்கழி முழுக்கப் பழக்கியும் அவர்கள் ஒரு பாட்டையும் சேர்ந்து எடுத்ததில்லை. மாதா கோயில்காரர்கள் இழுப்பார்கள், மிஷன் சபைக்காரர்கள் முந்துவார்கள், ஜெபவீட்டுக்காரர்கள் கைதட்டிக் குழப்புவார்கள். டீச்சரைப் பார்த்ததும் ஃபாதர் வெளியே வந்தார். சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு துக்கம் விசாரித்தார். பவுலின் மேரிக்காக நாளைக் காலைப் பூசையில் நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். கடிதம் என்றதும் தலையைச் சாய்த்தார். அந்தம்மா ஏரியில் பகிரங்கமாக முழுக்கு எடுத்தவர். அன்றோடு அவர் இந்தக் கோயில் பங்கைச் சேர்ந்தவர் இல்லை. எண்ணெய் பூசினது கருணையால் செய்தது, அதை வைத்து உரிமை கொண்டாடினால் பாஸ்டர் என்ன நினைப்பார்? மூன்று வருஷமாகக் கட்டிக்காத்த உறவாயிற்றே. பாஸ்டர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் ஐயருக்குத் தான் எழுதிக் கொடுக்கத் தடையே இல்லை என்று வாசல்வரை கூடவே வந்து சொன்னார்.

பாஸ்டர் ஏசடியான் ஜெபவீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு. கையைக் கழுவாமலே வெளியே வந்து, விரலில் ஒட்டின சோற்றை உருட்டி உதறிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடினார்.

"சிஸ்டர், அவங்க மருந்து எடுத்துக்கிட்டாங்க. எண்ணெயும் பூசிக்கிட்டாங்க. பின்வாங்கிப் போனவங்களை நான் எங்க சபைன்னு எப்பிடி எழுதறது? நான் எழுதினா ஃபாதர் ஆட்டை நான் திருடின மாரி ஆயிடும். உங்க தீர்மானம்தான் அதுக்கு எடங்குடுக்காதே."

உயிரோடு இருந்தபோது இந்த மூன்று பேரும் அவளுக்காக அடித்துக்கொண்டார்கள். ஏரித்தண்ணீரில் கழுத்தைப் பிடித்து முக்கினபோது யாருடைய அனுமதிக் கடிதமும் வேண்டியிருக்கவில்லை. இப்போது பிணமானதும் பந்தியில் கடைசி வடையை நீங்க எடுத்துக்கோங்க, நீங்க எடுத்துக்கோங்க என்று ஒருத்தருக்கொருத்தர் தள்ளிவிடுகிறதைப் போலத் தள்ளுகிறார்கள். இதில் ஒருத்தரும் முகம் கடுக்கவில்லை, ஒருத்தரும் முடியாது என்று சொல்லவில்லை. அந்த மரியாதையை நினைக்க நினைக்க டீச்சருக்கு அருவருப்பாக இருந்தது. அவள் இவர்களைச் சேர்த்து வைக்கத்தான் பாடுபட்டாள், சேர்ந்துவிட்டார்கள்.

கிளம்பும்போது பாஸ்டர் ஆறுதல் சொன்னார். சாயங்காலம் விழா முடிந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து ஜெபித்து ஒரு முடிவுக்கு வருவார்களாம். அதுவரைக்கும் பிணம் காத்திருக்கும்தானே என்கிற மாதிரி. ஐயரும் ஃபாதரும்கூட வழியனுப்பும்போது அதையேதான் சொல்லியிருந்தார்கள் என்பது அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது.

அவள் திரும்பிவந்து சொன்னதைக் கேட்டு சாந்த் பாஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் ஜமாத் பெரியவர் வெளியூர் போயிருக்கிறாரா என்று கேட்டார். எங்களுக்கு மூணு ஜமாத், மூணு பேரும் ஊர்லதான் இருக்காங்க என்றாள் டீச்சர். அவளைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

விழாவில் செயலாளர் ஆண்டறிக்கை வாசிக்கவேண்டும். அவள் வரமாட்டாள் என்று நினைத்து ஐயரே வாசிக்கத் தயாராக இருந்தார். டீச்சர் மேடையேறினதைப் பார்த்ததும் முன்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். துக்கத்திலும் ஊழியத்தை விடாதவள் என்று ஐயர் ஃபாதரின் காதில் சொன்னது அவளுக்கும் கேட்டது. மேடையில் மூன்று நாற்காலி, மூன்று மாலை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மூன்று பேரும் கைகோத்து உயரத் தூக்கி நின்றார்கள், ஸ்டூடியோக்காரன் போட்டோ எடுத்தான், மைதானம் முழுக்கக் கைதட்டியது.

டீச்சர் அறிக்கையைப் பிரிக்கவேயில்லை.

"என் தங்கச்சி பியூலா இன்னைக்கு விடியக்காலம் செத்துப்போயிட்டா. டிரங்குப்பெட்டிக்காரர் வீட்ல கெடத்தியிருக்குது. உங்கள்ல பாதி பேருக்கு அவ ஜாக்கெட் தைச்சுக் குடுத்திருக்கா. எங்கம்மா பக்கத்துல எடமிருக்குது. வர்றதுக்குத்தான் ஆளில்ல. இந்த மூணு பேர்ல யாராவது ஒருத்தர் இப்போ எந்திரிச்சு என்கூட வந்தா போதும். மத்த ரெண்டு பேரும் கோவிச்சுக்கமாட்டாங்க."

அவள் திரும்பி மூன்று நாற்காலிகளையும் பார்த்தாள். ஐயர் மாலையில் உதிர்ந்த ஒரு பூவை எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாதரின் சிரிப்பு போட்டோவுக்கு வைத்தது, இன்னும் அப்படியே இருந்தது. பாஸ்டர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். பாடகர் குழுத் தலைவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

பாடகர்கள் எழுந்தார்கள். மார்கழி முழுக்க ஒத்திகை பார்த்தும் ஒரு நாளும் சேராதவர்கள், அன்றைக்கு ஒரே மூச்சில், ஒரே சுருதியில் எடுத்தார்கள். இழுப்பில்லை, முந்தலில்லை, கைதட்டல்கூடத் தாளத்தில் விழுந்தது. மைதானமும் எழுந்து சேர்ந்துகொண்டது. மைக்செட்காரன் ராஜமாணிக்கம் மட்டும் சுவிட்சில் கை வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஏதாவது பேசினால் இன்னும் கேட்டிருக்கும். முன்வரிசையில் அவளோடு ஞாயிறு தவறாமல் ஒரே பெஞ்சில் உட்காருகிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார்கள். அழாமல் பாடியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். பியூலாவுக்காக அழுதுகொண்டு, பியூலாவை மூடுவதற்காகப் பாடுகிற அந்த வாய்களைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

மேடையின் பின்பக்கமாக இறங்கிப் பந்தல் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கசப்புதான் வந்தது.

அன்று இருட்டுவதற்குள் பியூலாவை நகராட்சி இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அநாதைப் பிணங்களும், மலை சுற்ற வந்து வழியில் விழுந்த ஊர்பேர் தெரியாத சாமியார்களும் போகிற இடம். சாந்த் பாஷாவும் அவர் தம்பி ஜானி பாஷாவும் கடையில் வேலை செய்கிற இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். வெட்டியான் வேணு குழியை ஆழமாகவே வெட்டியிருந்தான். பெட்டியை இறக்கினபின் ஆண்கள் தலையில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். நீங்கள் ஏதாவது ஓதவேண்டுமானால் ஓதுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று சாந்த் பாஷா மெதுவாகச் சொன்னார்.

எப்சிபா டீச்சருக்கு அடக்க ஆராதனை முழுக்க மனப்பாடம். உபதேசியார் மகளாயிற்றே. வாயைத் திறந்தாள். முதல் வார்த்தை ஐயரின் மெத்தென்ற குரலில் வந்தது. நிறுத்தி வேறு ஒன்றை ஆரம்பித்தாள். அது ஃபாதரின் குரலில் வந்தது. எந்த வார்த்தையை எடுத்தாலும் அதில் அவர்கள் வாய் வைத்திருந்தார்கள். எச்சில் தட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. வாயை மூடிக்கொண்டாள். ஒருத்தராவது ஒரு ஜெபம் பண்ணட்டும் என்று தங்கை கேட்ட ஒன்றையும் தன்னால் கொடுக்க முடியவில்லையே என்று, காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். குனிந்து மண்ணை அள்ளி, பியூலா என்று பெயரைச் சொல்லிப் போட்டாள். பவுலின் மேரி என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பள்ளிக்கூடத்து வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஐயர், ஃபாதர், பாஸ்டர் மூன்று பேரும் ஒரே காரிலிருந்து இறங்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்க்கப் பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்தன. டீச்சர் உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

மேடையில் நடந்ததைப் பற்றி ஐயர் ஆரம்பித்தார். துக்கத்தில் பேசினது, அதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, மன்னித்துவிட்டோம் என்றார். மன்னித்துவிட்டோம் என்று சொல்லும்போது மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். டீச்சர் அவர்களுடைய செருப்புத் தடத்தைத் தரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் போனதும் கழுவவேண்டும் என்று நினைத்தாள்.

அப்புறம் ஃபாதர் வந்த காரியத்தைச் சொன்னார். குழு அவசரமாகக் கூடி ஒரு அனுதாபத் தீர்மானம் போட்டிருக்கிறதாம், ஏகமனதாக. காலஞ்சென்ற சகோதரி மூன்று சபைகளிலும் ஞானஸ்நானம் பெற்றவர், மூன்று சபைகளுக்கும் சொந்தமானவர், அந்த வகையில் இந்த ஊரில் சபை ஐக்கியத்தின் முதல் அடையாளம். வருஷா வருஷம் ஐக்கிய விழாவில் அவர் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்றலாம் என்றும் யோசனை இருக்கிறதாம். படத்துக்கு விளக்கு ஏற்றுவதைப் பற்றி மட்டும் தனக்கு ஆட்சேபணை உண்டு, மற்றபடி சம்மதம் என்று பாஸ்டர் சொன்னார். விளக்கைப் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்றார் ஐயர். செயலாளர் டீச்சர்தான் என்பதால் தீர்மானத்தை அவள் கையாலேயே எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்று காகிதத்தை எடுத்து நீட்டினார்.

டீச்சர் காகிதத்தை வாங்கி மேஜைமேல் வைத்து, பேனாவைத் திறந்தாள்.

"எழுதறேங்க. மூணு சபைக்கும் சொந்தம்னே எழுதறேன். அதுக்கு முன்னாடி உங்கள்ல ஒருத்தர், யாரா இருந்தாலும் சரி, இவ எங்க சபை ஆளுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அத வச்சி ஆர்டர் வாங்கித் தோண்டியெடுத்து, எங்கம்மா பக்கத்துல கொண்டுபோய் வச்சிடறேன்."

பேனாவை அவர்கள் பக்கமாக நீட்டினாள். ஐயர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் பாஸ்டரைப் பார்த்தார். பெஞ்சில் இடமில்லாததால் பார்ப்பதற்கு அவர்கள் கழுத்தை நிறையத் திருப்பவேண்டியிருந்தது. நீட்டின கை வலிக்கிறவரைக்கும் டீச்சர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஜெபிச்சு எடுக்கவேண்டிய முடிவு, சிஸ்டர்" என்றார் பாஸ்டர். ஆமாம், ஜெபிப்போம் என்றார் ஐயர். மூன்று பேரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள்.

டீச்சர் மூடவில்லை. மூன்று முகங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நன்றாகப் பார்த்தாள். கண்ணை மூடினதும் மூன்றிலும் ஒரே மாதிரி ஒரு நிம்மதி வந்து படிந்திருந்தது. அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்து, அவர்கள் கண்ணைத் திறக்கிறவரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.